கரண்டி மாறாத முதல் தட்டு

பஃபே ஓட்டலில் பாத்திர மூடியைத் திறப்பதற்கு முன்பே தட்டோடு வந்து நிற்கிற ஒருத்தியைப் பார்த்து நீங்கள் சிரித்திருந்தால், அது நானாக இருக்கலாம். இல்லை, என்னைப் போல இந்த வேலையில் மாட்டிக்கொண்ட இன்னொரு அம்மாவாக இருக்கலாம்.

என் மகள் தன்ஷிகாவுக்கு ஆறு வயது. வேர்க்கடலை அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால் வயிற்று வலி, அரிப்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தொண்டை வீங்கி மூச்சு அடைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லி, ஓர் ஊசியைக் கையில் கொடுத்து, அதைப் போடும் முறையையும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். அது என் ஹேண்ட்பேக்கில் சீப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலை வாரச் சீப்பை எடுக்கும்போதெல்லாம் விரல் அதில் படும். படும்போதெல்லாம் வெளியே எடுத்து, தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வைப்பேன்.

வீட்டிலேயே சாப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். திருத்தணியில் வீடு இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மொட்டை, காதுகுத்து, கிருத்திகை என்று சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு மலைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். இறங்கியதும் திருப்பதி ரோட்டில் ஏதாவது ஒரு பஃபே. உள்ளூரில் இருந்துகொண்டு நாம் போகாவிட்டால், அடுத்த மொட்டை வரைக்கும் அதுதான் பேச்சு.

ஒரு கடலை கூட இல்லை

எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்டுவிடுவேன்: எதிலெல்லாம் வேர்க்கடலை போட்டிருக்கிறீர்கள்? ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. சட்னியில் கடலை, கத்தரிக்காய்க் குழம்பில் கடலை, புளியோதரையில் கடலை, பருப்புப்பொடி என்று எழுதி வைத்திருப்பதிலும் பாதி கடலை.

ஒரு சூப்பர்வைசர், டை கட்டியவர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சமையல் கட்டுக்கே போய் விசாரித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பினார். சட்னியையும் புளியோதரையையும் மட்டும் விட்டுவிடுங்கள், மற்ற எதிலும் இல்லை என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பீன்ஸ் பொரியலை அவள் தட்டில் வைக்கப் போகும்போது, சும்மா ஒரு வார்த்தைக்கு, தாளிப்பு எந்த எண்ணெய் என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு கடலை கூட கெடையாது மேடம், நான் கேரண்டி. எல்லாமே சுத்தமான செக்குக் கடலெண்ணெய், வேற எண்ணெய நாங்க தொடறதே இல்ல."

வரிசையில் முதல் ஆள்

கடலையைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். கரண்டியை என்ன செய்வது? புளியோதரையை அள்ளிய கையோடு, பக்கத்தில் இருக்கிற தயிர் சோற்றையும் அதே கரண்டியால் அள்ளிக்கொண்டு போகிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். தவறென்று சொல்ல முடியாது. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் நான் கண்டுபிடித்த ஒரே வழி: யார் கையும் கரண்டியில் படுவதற்கு முன்பு முதல் தட்டு எங்களுடையது. வெள்ளைச் சோறு, தயிர் சோறு, தர்பூசணி. பிறகு அந்தப் பக்கமே போகக்கூடாது.

நான் கான்வென்டில் படித்தவள். சாப்பாட்டு மணி அடித்தால் சின்னவர்களுக்கு வழிவிட்டுக் கடைசியில் நில் என்று பன்னிரண்டு வருஷம் சிஸ்டர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு இது. வயசானவர்களைத் தாண்டி, கைக்குழந்தைக்காரியைத் தாண்டி, தட்டை நீட்டிக்கொண்டு முன்னால் போகும்போது காது மடல் சுடும். ஒருமுறை பின்னால் நின்ற ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, எனக்குக் கேட்கும்படியாகவே சமாதானம் செய்தாள்.

"வுடுய்யா, பாவம், வூட்டுல சோறு கண்டு எத்தினி நாளாச்சோ."

டப்பா

இந்த வெட்கமே வேண்டாம் என்று ஒருநாள் வீட்டிலிருந்தே டப்பாவில் பருப்பு சாதம் எடுத்துப் போனேன். மூடியைத் திறந்ததும் மேனேஜர் வந்துவிட்டார். வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார். நான் ஊசியைக் காட்டினேன். டாக்டர் சீட்டைக் காட்டினேன். அவர் சீட்டைப் படித்தார், முழுசாகவே படித்தார், மடித்துக் கையில் கொடுத்தார்.

"ஒடம்புக்கு ஆவாத கொழந்தைய வூட்டுல வெச்சிப் பாத்துக்கணும்மா, ஓட்டலுக்கு எதுக்கு இட்டுகினு வரீங்க?"

எங்க கொல்லை

என் மாமனாரை வீட்டில் எல்லோரும் நைனா என்போம். கனகம்மாசத்திரம் பக்கம் இரண்டு ஏக்கர் கொல்லை வைத்திருக்கிறார். அதில் என்ன விளைகிறது என்று நினைக்கிறீர்கள்? ஆமாம், அதேதான். செடி பிடுங்கிய கையோடு பச்சைக் கடலை உரித்துத் தின்று வளர்ந்த குடும்பம். பேத்தி ஒருத்தி கடலைக்குப் பயப்படுகிறாள் என்பதை அவர் தன் கொல்லைக்கு வந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். கான்வென்டு படிப்பு என்னைக் கெடுத்துவிட்டது என்பது அவர் முடிவு. நான் ஒரு சர்வரிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது இடையில் புகுந்தார்.

"அதெல்லாம் ஒன்னும் இல்லப்பா, நீ போ. எங்க கொல்லையில வெளையறது எம் பேத்திக்கே ஆவாதுன்னு எவனோ டாக்டரு சொல்றான், இவளும் அத நம்பிகினு கீறா."

இரண்டாவது தட்டு

நாத்தனார் மகனுக்கு மொட்டை. முதல் தட்டு வழக்கம்போல எங்களுடையது. தன்ஷிகா முழுசும் சாப்பிட்டாள். என்றைக்கும் இல்லாமல், "அம்மா, இன்னும் கொஞ்சம் தயிர் சோறு" என்றாள். அவள் கேட்டுச் சாப்பிடுவது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாத்தனார் ஏதோ சொல்ல, நான் சிரித்துக்கொண்டே எழுந்து போனேன். சிரித்துக்கொண்டே அள்ளினேன். கரண்டியைப் பார்க்கவில்லை. அத்தனை ஓட்டலிலும் பார்த்தவள், அன்றைக்கு ஒரு தடவை பார்க்கவில்லை.

மூன்றாவது வாயில் உதட்டைச் சொறிந்தாள். பிறகு இருமல். முகம் வீங்க ஆரம்பித்தது. தட்டைக் கிளறினேன், சோற்றுக்கு அடியில் புளி ஒட்டிய அரைக் கடலை. சீப்பு கீழே விழுந்தது, பவுடர் டப்பா விழுந்தது, ஊசி கையில் வந்தது. திமிறியவளை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. நைனாதான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து அவள் காலை அழுத்திப் பிடித்தார். தொடையில் குத்தினேன். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கார் நிற்கிற இடத்துக்கு ஓடினார். பின்னால் நான் ஓடும்போது, கூட்டத்தில் தட்டோடு நின்ற ஓர் அம்மா தன் மகனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தயிர் சோத்துல என்னமோ கீதாம், அத தொடாத. புளியோதர நல்லாத்தான் கீது, அத போட்டுக்க."

கரண்டிக்காரர்

பிள்ளை பிழைத்துவிட்டாள். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். கொல்லையில் கடலை விதைப்பதை நைனா நிறுத்தவில்லை. எங்கள் சோறு அதில்தான் வருகிறது. ஆனால் இப்போது கொல்லையிலிருந்து வந்தால் பம்புசெட்டிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறார்.

அடுத்த விருந்தில் எனக்கு முன்னால் அவர் போய் வரிசையில் நின்றார். நான் தட்டில் வைத்துக்கொண்டு வந்த பிறகும் அவர் நகரவில்லை. பேத்தி இன்னொரு முறை கேட்டால் என்ன செய்வது என்று, தயிர் சோற்றுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, தோளில் துண்டோடு அங்கேயே நின்றுவிட்டார். வந்தவர்கள் எல்லாம் அவரைச் சர்வர் என்று நினைத்துத் தட்டை நீட்டினார்கள். எல்லோருக்கும் போட்டார். நாற்பது ஏர் ஓட்டியவரைப் போல மிதப்பாக நடக்கிற மனுஷன், தலையைக் குனிந்தபடி போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பையன் அதிலும் குறை கண்டான்.

"இன்னா பெரியவரே, வெரப்பா நிக்கிற? அப்படியே ரெண்டு அப்பளமும் எடுத்துக் குடேன்."

தன்ஷிகா

போன மாதம் ஒரு காதுகுத்து. நைனா கரண்டியோடு தயார். முதல் தட்டும் தயார். தன்ஷிகா தட்டைத் தொடவில்லை. ஊட்டப் போனால் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு வெளியில் எங்கே போனாலும் இப்படித்தான். வற்புறுத்தவும் எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிடு என்று நான்தானே அன்றைக்கும் கொடுத்தேன்?

வயசான சர்வர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மனசு கேட்காமல், ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு கொண்டுவந்து அவள் முன்னால் குனிந்து நீட்டினார். இதற்கு மேல் சுத்தமான ஒன்றை யாரும் கொடுக்க முடியாது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாக அவரிடம் சொன்னாள்.

"எனக்கு வேணாம் அங்கிள். நான் சாப்ட்டா எங்கம்மா அழுவாங்க."

இத்தனை வகை வைத்திருக்கிற ஓட்டல்களுக்கு இத்தனை வருஷம் அழைத்துப் போனதில் என் பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டது என் பயத்தைத்தான். அதைப் பரிமாற எனக்கு ஒரு கரண்டிகூடத் தேவைப்படவில்லை.