வாரேனுங்க

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சரவணம்பட்டியில் லேத் பட்டறை வைத்திருப்பவன், எது பழுதானாலும் அதற்கொரு காரணம் இருக்கும் என்று நம்பிச் சோறு தின்பவன். நீங்கள் சிரிக்கப்போவது தெரியும். தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் அந்த வாசலில் நின்றது நீங்கள் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. சோமனூரில் தறி ஓட்டிய சென்னியப்பன் என் பாலிடெக்னிக் கூட்டாளி. அவனிடம் ஒரு பழைய ஜப்பான் பைக் இருந்தது, முந்நூற்றைம்பது சி.சி., ரெட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். முறுக்கினால் பறக்கும், நிறுத்துவதுதான் கடவுள் விட்ட வழி. முன்னால் டிஸ்க் பிரேக் போட வேண்டும், பிளாட்டின பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்ட வேண்டும் என்று வருஷக்கணக்கில் இருவரும் பேசினோம். பேசியதோடு சரி. மஞ்சள் காமாலை வந்து அவன் போய்விட்டான்.

துக்கம் கேட்கப் போன இடத்தில் அவன் தம்பி குமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன் வண்டிய வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரலீங்க, நீங்களே எடுத்துக்கங்க" என்றான். நானாகக் கேட்கவில்லை, இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்து உதைத்தேன், ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்ற சென்னியப்பன் பெண்டாட்டி சரசுவையும் மற்றவர்களையும் பார்த்து, பழக்க தோஷத்தில், "சரிங்க, வாரேனுங்க" என்றேன்.

எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அதிலும் 'வாரேன்' என்ற வார்த்தை வரவே கூடாது, இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. எனக்கும் தெரியும்தான், ஆனால் வாய்க்கு அந்த ஒரு வார்த்தைதானே பழக்கம்? எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சரசு மட்டும், "ஏனுங்ணா, இப்படிச் சொல்லிப்போட்டீங்களே" என்றாள். ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதன்பிறகு பட்டறை வேலையைக்கூட ஓரமாக வைத்துவிட்டு வண்டியே கதியென்று கிடந்தேன். உக்கடத்தில் காதர் பாயிடம் கொடுத்து, தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்தேன். டிஸ்க் பிரேக்குக்கான தாங்கியை என் லேத்திலேயே கடைந்தேன். இக்னிஷனையும் மாற்றினேன். சென்னியப்பன் ஆசைப்பட்டது அத்தனையும் செய்தாயிற்று, பார்க்கத்தான் அவன் இல்லை.

ஒரு நாள் அவிநாசியில் ஆள் ஒருத்தரைப் பார்க்கக் கிளம்பினேன். நல்ல மத்தியான வெயில். கருமத்தம்பட்டி பிரிவு வரைக்கும் தண்ணீர் மாதிரி வந்த வண்டி அங்கே இருமி நின்றது. உதைத்தேன், பிடித்தது, அவிநாசி பக்கம் நகர்த்தினால் மறுபடியும் நின்றது. சரி, சோமனூரில் யாராவது மெக்கானிக் இருப்பான் என்று அந்தப் பக்கம் திருப்பினேன். நம்பினால் நம்புங்கள், அப்புறம் ஒரு இருமல் இல்லை. மெக்கானிக் கடையில் பிரேக்கைப் பிடித்தேன், நான் மாட்டிய அதே டிஸ்க் பிரேக்கை, அது பிடிக்கவே இல்லை. தானாக ஓடி சென்னியப்பன் வீட்டு வாசலில் போய் அணைந்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். பெட்ரோல் டேப் மூடியிருந்தது. காலையில் மூடியது, திறக்க மறந்திருக்கிறேன். மூடிய டேப்போடு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இது சரவணம்பட்டியிலிருந்து சோமனூர் வரை வந்திருக்கிறது. எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அப்போது சரசு வெளியே ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு ஆருங்க தாக்கல் சொன்னது? இப்பத்தானுங்ளே..." கையைக் காட்டினாள். உள்ளே குமார் கிடந்தான். சாப்பிட்டு எழுந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தானாம். பக்கத்து வீட்டுக்கே இன்னும் செய்தி போகவில்லை, நான் வந்து நிற்கிறேன்.

ஊருக்கு இது போதாதா? குமாரைக் கொன்றதே நான்தான் என்று ஆக்கிவிட்டார்கள். வண்டியை என் தலையில் கட்டும்போது ஒருத்தருக்கும் சகுனம் தெரியவில்லை, பழி போட மட்டும் எல்லோருக்கும் வாய் இருந்தது. பிணத்தை எடுத்ததும் நான் கிளம்பினேன். எல்லோருடைய கண்ணும் என் வாய் மேல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொல் பேசாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே வாசலைத் தாண்டினேன். தாண்டியதும் சரசு தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அலறினாள்.

"மறுபடியும் சொல்லிப்போட்டீங்களே!"

நான் வாயே திறக்கவில்லை. என் பிள்ளைகள் மேல் சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் அங்கே இருந்த அத்தனை பேரும் கேட்டார்களாம், என் குரலேதானாம்.

சரசுவும் அந்தப் பெண்ணும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. வண்டி பட்டறை மூலையில் செயின் இல்லாமல், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் நிற்கிறது. இன்றைக்கும் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போறேன்' என்றுதான் சொல்கிறேன், அபசகுனம் பிடித்த வாய் என்று பெண்டாட்டி திட்டுவாள். திட்டட்டும். ஆனால் நான் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வந்த வீட்டுக்காரர்கள் சிலர் பிறகு கேட்கிறார்கள், "வாரேன்னு சொல்லிப்போட்டுப் போனீங்க, அப்புறம் ஆளையே காணமுங்க?"