மசூரின் வயிற்று நீர்

மருதமுனையில் தறி நெய்த ஸம்ஸியாவுக்கு மசூர் சொந்த மாமி மகன். கல்யாணத்துக்குப் பிறகு அவன் கரைவலைக்குப் போனான், அவள் சாரம் நெய்தாள். பிள்ளை தங்கவில்லை. அதற்காக அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் மசூரின் கண் மஞ்சளித்தது. கை கால் ஈர்க்கிலாகி, வயிறு மட்டும் பானையாக வீங்கியது. ஆசுபத்திரியில் ஊசி குத்தி நீர் இறக்கினார்கள். சிவப்பாக வந்தது. கொஞ்சத்தைப் போத்தலில் எடுத்து மருந்து கலந்தார் டாக்டர்.

"ஈரல்ல புற்று இருந்தா அதின்ட அணு இந்தத் தண்ணியில கிடக்கும். கொழும்பில பூதக்கண்ணாடி வைச்சுப் பார்ப்பாங்க. இல்லாட்டி வேற வருத்தம், மருந்து செய்யலாம்."

ஸம்ஸியாவின் தம்பி முனாப் காலையில் பஸ் ஏறி, கோச்சி ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோவதாக ஏற்றான். அதுவரை போத்தல் அவள் வீட்டில் இருந்தது.

வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் மண்ணில் புதைத்துப் பழகியவள் அவள். பார்த்து முடிந்ததும் புருஷனின் இரத்தத்தை எவனோ வடிகானில் ஊற்றுவானே என்று மனம் பொறுக்கவில்லை. கொழும்பு என்ன சொல்லுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. முருங்கையடியில் குழி தோண்டி, ஊற்றி மூடிவிட்டாள்.

காலையில் முனாப் தலையில் கைவைத்தான். "என்ன ராத்தா செஞ்ச நீ? இப்ப முருங்கைக்குத்தான் தெரியும், மச்சானுக்கு என்ன வருத்தமெண்டு."

பாயில் கிடந்த மசூர் சிரித்தான். "விடு மச்சான். வயித்துக்குள்ள இன்னும் ஒரு கிணறு கிடக்கு."

மறுபடி ஊசி குத்த, அவன் உடம்பு தேறும்வரை பொறுக்கச் சொன்னார் டாக்டர். தேறவில்லை, சோறும் இறங்காமற் போனது. கடைசியில் அப்படியே குத்தினார்கள். இந்தப் போத்தலை ஸம்ஸியாவே பஸ்ஸடிவரை சுமந்து முனாப்பின் கையில் கொடுத்தாள்.

அவன் கொழும்பிலேயே தங்கி மறுமொழியோடு வந்தான். டாக்டர் வாசித்துவிட்டு அவளை இருக்கச் சொன்னார்.

"அணு இருக்கு, தங்கச்சி."

"முதல் போத்தல் போயிருந்தா, ஐயா?"

"அப்பவும் இதுதான். இதுக்கு மருந்து இல்ல."

அவளுடைய மனம் ஆறட்டும் என்று சொல்கிறார் என்றே அவள் நினைத்தாள்.

வீட்டில் மசூர் கேட்டான்: "என்னவாம் புள்ள?"

"இன்னும் வரல்லயாம்."

"முனாப்ட குரல் கேட்டிச்சே," என்றான். அவள் கஞ்சிக் கோப்பையை நீட்டினாள். வாங்கி ஒரு மிடறு குடித்தான். அதன்பிறகு அவன் கேட்கவேயில்லை.

நோன்பு பிறக்குமுன் மௌத்தானான். ஸம்ஸியா நெடுங்காலம் இருந்தாள், மறுகல்யாணம் வேண்டாமென்றாள். மசூருக்கு என்ன வருத்தம் என்று கேட்டால், "தண்ணி ஊறின வருத்தம்" என்பாள், அதற்குமேல் கதைக்கமாட்டாள்.