‘கட் பண்ணு’ என்றார் கண்டக்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறந்த வாரம் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் நான் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்குச் சீருடை தைக்கும் வேலை அந்த வருடம் கிடைத்திருந்தது. சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். எப்போதும் எங்கள் காரை ஓட்டுகிற என் கணவரோ ஒரு வேலையாக உளுந்தூர்பேட்டை போய்விட்டார். எனக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் சின்னசேலம் வரை சமதளத்தில் ஓட்டியதோடு சரி, மலை ஏறியதே இல்லை.

இருந்தாலும் கிளம்பிவிட்டேன். கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்து சீட்டில். பின்னால் கூரை வரை துணி மூட்டைகள். கண்ணாடியில் பின்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் தூறல் பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை ஏற்றிவிட்டோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றது. அது திரும்ப வேண்டுமானால் நான் பின்னால் போக வேண்டும். பின்னால் இடது பக்கம் பள்ளம். தடுப்புச் சுவர் அந்த இடத்தில் இடிந்து கிடந்தது.

பஸ் கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார். “நான் சொல்றேன், நீ வாம்மா” என்று சொல்லிவிட்டு காருக்குப் பின்னால் போய் நின்றார். நான் ரிவர்ஸ் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் மகளுக்குப் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். “எங்க போய்க்கினு இருக்கீங்க?” என்ற அவர் குரலோடு பின்னாலிருந்து கண்டக்டரின் சத்தமும் கலந்தது.

“கட் பண்ணு! கட் பண்ணு! கட் பண்ணும்மா!”

மகள் சட்டென்று போனை அணைத்தாள். நான் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினேன்.

கார் நிற்கவில்லை. இன்ஜின் அணைந்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிப் போகும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. மிதிக்க மிதிக்க பிரேக் கல் மாதிரி ஆனது. கார் தானாகப் பின்னால் உருண்டது. மகள் பக்கத்து ஜன்னலில் ரோடு மறைந்து, கீழே நிற்கும் மரங்களின் உச்சி தெரிந்தது. “ம்மா... ம்மா...” என்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் ‘டம்’ என்று ஏதோ இடித்தது. கார் குலுங்கி நின்றது. இடிந்த சுவரின் கல் ஒன்றைக் கண்டக்டர் தூக்கி சக்கரத்துக்கு அடியில் போட்டிருந்தார். அடுத்த நொடி என் ஜன்னலைத் தட்டினார்.

“ஹேண்ட் பிரேக்க இழும்மா! இழு!”

இழுத்தேன். மகளை என் பக்கக் கதவு வழியாகவே வெளியே இறக்கினோம். அவருக்கு மூச்சு வாங்கியது.

“ரைட்ல கட் பண்ணுன்னு ஸ்டீயரிங்க சொன்னா, இன்னாத்துக்கும்மா இன்ஜின ஆஃப் பண்ண?”

“நீங்க வண்டியதான் கட் பண்ணச் சொல்றீங்கன்னு நெனச்சேங்க.”

“நான் போனைன்னு நெனச்சேன்” என்றாள் மகள், அழுதுகொண்டே.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாந்தாம்மா வெளங்குற மாதிரி சொல்லியிருக்கணும்” என்றார்.

சரிவில் பஸ்ஸை விட்டு டிரைவரால் இறங்க முடியாது. கண்டக்டருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரை நான்தான் எடுத்தாக வேண்டும். என்னால் முடியாது என்றேன். கண்டக்டர் என்னை மறுபடி சீட்டில் உட்காரவைத்து, ஜன்னலை இறக்கச் சொன்னார். இந்த முறை அவர் பின்னால் போகவில்லை, என் பக்கத்திலேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இனிமே அந்த வார்த்தையே வாணாம். ‘திருப்பு’ன்னா ஸ்டீயரிங்கு. ‘நில்லு’ன்னா பிரேக்கு. வேற எதுவும் சொல்ல மாட்டேன். இன்ஜின மட்டும் அணைக்காத, சரியா?”

பஸ்ஸிலிருந்து சிலர் இறங்கி வந்து மகளை ஓரமாக நிறுத்திக்கொண்டார்கள். முதலில் காரைக் கொஞ்சம் முன்னால் ஏற்றினேன், சக்கரத்தடியில் கிடந்த கல்லை அவர்கள் நகர்த்திப் போட்டார்கள். பிறகு அவர் “திருப்பு... இன்னும் திருப்பு... நில்லு” என்று சொல்லச் சொல்ல, கூடவே அவர் நடந்து வர, மலையை ஒட்டிய அகலமான இடத்துக்கு ரிவர்ஸிலேயே வந்து சேர்ந்தேன். பஸ் உரசாமல் இறங்கிப் போனது. படியில் தொங்கியபடி அவர் கையை மட்டும் ஆட்டினார். நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் பஸ் வளைவைத் தாண்டிவிட்டது.

சீருடைகளைக் கொடுத்துவிட்டு நாங்கள் பத்திரமாக வீடு திரும்பினோம். கடையில் நாள் முழுக்க நான் புழங்குகிற வார்த்தைதான் அது. துணியைக் கட் பண்ணு என்கிறோம், கரண்ட் கட் என்கிறோம், கிளாஸ் கட் அடித்தான், சம்பளத்தில் கட் ஆனது என்கிறோம். எல்லாருக்கும் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது அவசரத்தில் எதையாவது செய்யச் சொன்னால், “எதைச் சொல்றீங்க?” என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். இது கூடத் தெரியவில்லையா என்று அவர்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அரைகுறையாகப் புரிந்த வார்த்தைக்குத் தலையாட்டுகிற துணிச்சல் எனக்கு இனி வராது.