இருபத்துமூன்றுக்குக் கீழே

இங்கிலாந்தில் உருளைக்கிழங்கைக் கிலோவில் வாங்குகிறார்கள். தங்கள் உடம்பை மட்டும் இன்னும் கல் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு கல் என்றால் பதினான்கு பவுண்டு. வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர், தான் பதினைந்து கல் என்று வருத்தப்பட்டார். சிறுநீரகத்தில் என்று நினைத்து, வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னேன். இன்றுவரை என்னைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக வந்தது. அப்பா அதில்தான் போனார், ஐம்பத்திரண்டு வயதில். எனக்கு நாற்பத்தெட்டு. பயந்துபோனேன். கிளினிக்கில் நர்ஸ் என் அறுபத்தொன்பது கிலோவை ஒன்று புள்ளி ஆறு எட்டு மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தார். பிஎம்ஐ இருபத்துநான்கரை. சுவர் அட்டவணையில் இருபத்தைந்து வரை பச்சை. அதுவரை எக்கிப் பிடித்திருந்த வயிற்றை நிம்மதியாக வெளியே விட்டேன். “உங்களுக்கு எல்லை இருபத்துமூன்றுதான்” என்றார் அவர். நம் இந்திய உடம்புகளில் கொழுப்பு வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுமாம். “நானும் இந்த நாட்டுக் குடிமகன்தானே, எனக்கு இருபத்தைந்து கிடையாதா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் முகம் சிவந்து, இதில் பாகுபாடு எதுவும் இல்லை என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவரைத் தேற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் என் தொப்பைக்குத் தனி மரியாதை இருந்தது. ஒவ்வொரு லீவுக்கும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, தொப்பையை முன்னே விட்டுத்தான் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவேன். வேலையும் வீடும் நன்றாக இருப்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இந்த முறை அரிசியைக் குறைத்து, நடையாக நடந்து, அறுபத்துநாலு கிலோவாக இறங்கினேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். சித்தப்பா என்னைக் கரும்புக் கொல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“இன்னாடா, வேல கீல பூடுச்சா? கூச்சப்படாம சொல்லு.”

பிஎம்ஐ பற்றி விரிவுரையே நடத்தினேன். பொறுமையாகக் கேட்டவர், “ஒசரத்தால எதுக்குடா ரெண்டு வாட்டி வகுக்கணும்? ஒருத்தனுக்கு எத்தினி ஒசரம் கீது?” என்றார்.

மறுநாள் காலையில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

“அப்பாவும் இப்டித்தான் எளச்சிக்கினே போனாரு. நெசத்த சொல்லு, உனக்கும் வந்துடுச்சா?”

“இல்லம்மா. வரக்கூடாதுன்னுதான் எளச்சேன்.”

அவள் நம்பவில்லை. சரியாகத் தூங்கவும் இல்லை என்று தங்கை சொன்னாள். அதற்குமேல் அட்டவணையைக் காட்டி என்ன பிரயோஜனம்? சாப்பிட்டேன். கோமுகி அணை மீன் குழம்புக்குச் சோறு, மேலே இன்னொரு கரண்டி சோறு, அதற்காக மறுபடி குழம்பு. தியாகம் என்று சொன்னால் பொய். அத்தனையும் ருசித்துத்தான் தின்றேன். லீவு முடிவதற்குள் பேண்ட் பட்டன் ஒத்துழைக்க மறுத்தது. அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள்.

திரும்பி வந்ததும் நர்ஸ் எடை பார்த்தார். மூன்று கிலோ கூடியிருந்தது. “விடுமுறை நன்றாக இருந்ததா?” என்றார். ரொம்ப நன்றாக இருந்தது என்றேன்.

அம்மாவைத் தூங்க வைத்த அந்த மூன்று கிலோவைக் குறைக்கத்தான் இப்போது தினமும் பூங்காவைச் சுற்றுகிறேன். நடுவில் அம்மா வீடியோவில் கூப்பிட்டால் நின்று, மூச்சை அடக்கி, கன்னம் திரை முழுக்கத் தெரியும்படி போனை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொள்கிறேன்.