கார்த்திகை மழையில் குச்சி ஐஸ்

2007 கார்த்திகை மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அத்தனை பேரும் குச்சி ஐஸ் தின்றோம். கொடைக்கானலில் அந்த மழையில், அந்தக் குளிரில், ஐஸ் தின்பவர்கள் கிடையாது. நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்காவிட்டால் இன்று நானே நம்பமாட்டேன்.

காரணம் ஒருவருடைய தாடை. இலங்கையில் ஷெல் வெடித்தபோது ஒரு இரும்புத் துண்டு அவர் கன்னத்துக்குள் புகுந்து தாடை மூட்டருகே தங்கிவிட்டது. படகேறி வந்து, அகதி முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பேத்துப்பாறையில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அக்காவின் குடும்பம் எழுபதுகளிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அக்காதான் அவரை எங்களிடம் கூட்டி வந்தார்.

நான் அங்கே பதிவேடு எழுதுபவன். 'காயத்தின் காரணம்' என்ற இடத்தில் வழுக்கி விழுந்தது, பஸ், குளவி, காட்டுமாடு என்று நான்குதான் அச்சடித்திருந்தது. காட்டுமாட்டுக்குக் கீழே அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுத்து 'போர்' என்று சேர்த்தேன்.

வியாழன்தோறும் மதுரையிலிருந்து வரும் டாக்டர் இரும்புத் துண்டை எடுத்துவிட்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தே உயிர் வாழ்ந்தவர். தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, முடிந்த அளவு தினம் ஒன்று கூட்டச் சொன்னார் டாக்டர். மூன்று வாரத்தில் மூன்று விரல் நுழையாவிட்டால் மதுரையில் மறுபடியும் கத்தி. அதைக் கேட்டதும் வேண்டாம் என்று தலையை ஆட்டியவர், வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எங்களிடம் குச்சி இல்லை. கேட்டு மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு நான்கு கட்டுப் பஞ்சு வந்தது. ஏரிக்கரை ஐஸ் கடைக்காரரிடம் போனேன்.

"வெறுங்குச்சிக்கு நான் எங்கங்க போவேன்? பழனியிலேருந்து ஐஸோடதான் வருது. தின்னாத்தான் குச்சி" என்றார்.

தின்றோம். வெந்நீரில் போட்டால் ஐஸ் கரைந்து குச்சி தானாக வந்துவிடும் என்று சமையலம்மா சொன்னார். தின்கிற பொருளை அப்படி வீணாக்குவதா என்று நர்ஸம்மா மறுத்துவிட்டார். வாட்ச்மேன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தின்றார். குச்சிகளை மூன்று வேளையும் இட்லிக் கொப்பரையில் வேகவைத்து ஜன்னலோரம் காயவைத்தோம். மூடுபனியில் எது காயும்?

எத்தனை குச்சி நுழைந்தது என்று நான் தினமும் ஒரு தாளில் குறித்தேன். ஐந்தில் தொடங்கிப் பதினான்கு வரை ஏறியது. மூன்றாம் வாரம் திங்கட்கிழமை பதின்மூன்று. செவ்வாய் பன்னிரண்டு. புதன் பதினொன்று.

"கூடத்தானேங்க வேணும், ஏன் கொறையுது?" என்று அக்கா கேட்டார். ஐஸ் தின்று எல்லோருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. நர்ஸம்மா கையை மட்டும் விரித்தார்.

வியாழக்கிழமை டாக்டர் என் தாளைப் பார்த்தார். ஆபரேஷனுக்காக மதுரைக்கு எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

அக்காவின் தம்பி கட்டிலிலிருந்து எழுந்தார். அக்கா தன் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த ரொட்டி டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து நான்காக மடித்து வாய்க்குள் வைத்தார். நிதானமாக மென்று விழுங்கினார். டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

"வாய் சுருங்கலீங்க ஐயா. குச்சிதான் ஊதிக் கெடக்கு" என்றார் தம்பி.

டாக்டர் ஒரு புதுக்குச்சி கேட்டார். வாட்ச்மேன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு ஐஸைத் தின்று கொடுத்தார். அதன் பக்கத்தில் வைத்தபோது எங்கள் குச்சிகள் தடித்து, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. தாளில் ஒவ்வொரு கோட்டையும் அளந்து போட்ட நான் குச்சியை அளக்கவில்லை. அவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் தன் மூன்று விரல்களைச் சேர்த்து வாய்க்குள் வைத்துக் காட்டினார். நுழைந்தன. எழுதத் தொடங்கிய காகிதத்தை டாக்டர் திருப்பி, எங்கள் அத்தனை பேருக்கும் உப்புத் தண்ணீர் கொப்பளிக்க எழுதிக் கொடுத்தார்.

அக்கா டப்பாவை எட்டிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணாவது வச்சியாடா?" என்றார்.

தம்பியின் வாய் நிறைய ரொட்டி இருந்தது.