விளையாட்டுச் சாமான் அறைக்குள் மாட்டிக்கொண்ட அன்று

கொடைக்கானலில் எங்கள் கல்லூரி அந்த ஆண்டுதான் உடற்பயிற்சி வகுப்பைக் கட்டாயமாக்கியது. ட்ராக் சூட் போட்டு மைதானத்தைச் சுற்றி ஓடினால்தான் மதிப்பெண். நான் குண்டு. நான் ஓடினால் எல்லோரும் சிரிப்பார்கள். அதைத் தாங்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை, பந்துகளும் வலைகளும் கிடக்கும் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். சற்று நேரத்தில் உடற்பயிற்சி மேடம் வெளியே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது.

ஜன்னல்கூட இல்லாத அறை. தட்டினால் மாட்டிக்கொள்வேன், தட்டாவிட்டால் திங்கட்கிழமைவரை உள்ளேதான்.

"தட்டிராதடி!"

மூலையில் செல்வி குந்தியிருந்தாள். பூம்பாறைப் பெண், கல்லூரியிலேயே வேகமாக ஓடுகிறவள்.

"நீ எதுக்குடி இங்க?"

"இருக்கது ஒரே ட்ராக் பேன்ட். துவைச்சது இன்னும் ஈரமாத்தான் கெடக்கு. ஒரு வாரமா வெயில எங்க கண்டோம்? சூட் இல்லாம போனா எல்லார் முன்னாடியும் நிக்க வைப்பாங்க."

எனக்கு வந்ததே கோபம்! இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். திறந்த மேடம் திட்ட வாயெடுப்பதற்குள் நானே கேட்டேன்: "உடம்பு நல்லா இருக்கத்தானே மேடம் இந்தக் கிளாஸு? நாங்க ஏன் இங்க ஒளிஞ்சு கெடக்கோம்?"

அடுத்த வாரம் மேடமே, எந்த உடையிலும் வரலாம், ஓட முடியாதவர்கள் நடக்கலாம் என்று அறிவித்தார்.

அந்த மைதானத்துக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அதில் ஜெயிக்கிறவளும் அதே இருட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.