கழுத்தில் கத்தி, கையில் பொம்மை

ரயில் நிலையத்தில் அவருக்கு ‘மைக் அக்கா’ என்றே பெயர். அறிவிப்பு அறையில் இருபத்தெட்டு வருட வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அவர் சொன்னால் ஒரு சொல் பிசகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் நெரியும் நேரத்தில், மைக்கை அழுத்திப் பேசத் தொடங்கினார். வெளியே வந்தது வெறும் குழறல். சொல்ல வேண்டிய வாக்கியம் மனதுக்குள் தெளிவாக இருந்தது, நாக்குதான் கேட்கவில்லை. வலது கையிலிருந்து பேனா நழுவியது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து நிலைய அதிகாரி ஓடிவந்து மைக்கை அணைத்தார்.

ஐந்து நிமிடத்தில் பேச்சும் திரும்பியது, கையும் திரும்பியது. ராத்திரி தூக்கமில்லை, அவ்வளவுதான் என்று சமாளித்துப் பார்த்தார். அதிகாரி விடவில்லை. அதிகாரியின் அண்ணனுக்கும் இப்படித்தான் வந்துபோயிருந்தது. மறுநாளே ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸை வரவழைத்து ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஜெல் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் இடதுபக்க ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து, எண்பது சதவீதம் அடைத்திருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய், நல்லவேளையாகக் கரைந்துவிட்டது. அடுத்ததும் கரையும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இந்த வாரமே குழாயைத் திறந்து, படிந்ததைச் சுரண்டி எடுத்துத் தைக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர்.

அக்கா ஒன்றுதான் கேட்டார். “என் குரல் போயிடுமா டாக்டர்?”

மருத்துவர் மழுப்பவில்லை. “குரலுக்கான நரம்பு அந்தக் குழாயை ஒட்டியேதான் போகுது. அடிபட்டா குரல் கம்மும். பெரும்பாலும் சில வாரத்துல, சில மாசத்துல சரியாகிடும். சிலருக்கு ஆகாது. நூத்துல ரெண்டு மூணு பேருக்கு ஆபரேஷனாலயே பக்கவாதம் வரலாம். செய்யாம விட்டா அந்த ஆபத்து பல மடங்கு. அதுவும் முதல் ரெண்டு வாரத்துலதான் ரொம்ப அதிகம்.”

சம்மதப் படிவம் ஒரு பகல் முழுக்கத் தலையணைக்கு அடியில் கிடந்தது. லேத் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்த கணவர் அதை எடுத்துப் படித்தார். “குரல் கம்மினா சைகையில திட்டு, எனக்குப் புரியும். கையும் விழுந்துட்டா என்னை எப்படித் திட்டுவ?” என்றார். சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார். அக்கா பேனாவைக் கேட்டு வாங்கினார்.

ஆபரேஷன் அன்று கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். முழு மயக்கம் கிடையாது; மூளைக்கு ரத்தம் போகிறதா என்பதை அவர் பேச்சையும் கையையும் வைத்தே கண்காணிப்பார்களாம். முகத்துக்கு மேல் பச்சைத் துணி. வலது கையில் அமுக்கினால் கீச்சிடும் ஒரு ரப்பர் வாத்து. வலியில்லை, உள்ளே யாரோ பிடித்து இழுப்பது மட்டும் தெரிந்தது.

“இப்ப குழாயை இறுக்கிப் பிடிக்கப் போறோம்” என்றார் மருத்துவர். மயக்க மருத்துவர் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே அமுக்கச் சொன்னார். பதினான்கு வரை வாத்து கத்தியது. பிறகு நின்றுவிட்டது.

“அமுக்குங்கம்மா.”

அமுக்கிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. மருத்துவர் சத்தம் போடாமல் டியூப் கேட்டார். இறுக்கிப் பிடித்த இடத்தைத் தாண்டி ரத்தம் போக அதைச் செருக வேண்டும். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைத் துணியும் தன் மூச்சுச் சத்தமும்தான். கணவரின் முகத்தை நினைக்கப் பார்த்தார், அதுவும் பிடிபடவில்லை.

இரண்டு நிமிடம்கூட இருக்காது. வாத்து கீச்சிட்டது. அவரே திடுக்கிட்டுப் போனார். “பதினஞ்சு” என்றார். நர்ஸ் அவர் கண்ணோரத்தைத் துடைத்துவிட்டார்.

அன்று முழுக்க ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்கியது. கால் மணிக்கொரு தரம் சிரிக்கச் சொன்னார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள். கழுத்து வீங்கி, பக்கவாட்டில் ஒரு வடிகுழாய் தொங்கியது. குரலோ மணலைத் தேய்த்தது போல வந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, வீக்கம் கூடினாலோ மூச்சு முட்டினாலோ மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தாலோ உடனே வரச் சொன்னார்கள். தோன்றியபோது மட்டும் போட்டுவந்த பிரஷர் மாத்திரையை இனி ஒரு நாளும் விடக்கூடாது.

நிலையத்தில் கால அட்டவணை எழுதும் மேசையைக் கொடுத்தார்கள். பதிவுசெய்த குரலொன்று அறிவிப்பைப் பார்த்துக்கொண்டது. அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்த வாரங்கள் ஆபரேஷனைவிடக் கொடுமை என்பார். ஆறாவது வாரம் தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்து, குரல்நாண் அசையத் தொடங்கிவிட்டது என்றார். நான்காம் மாதம் மைக் திரும்பக் கிடைத்தது. உச்சத்துக்குப் போனால் மட்டும் இன்னும் லேசாக உடைகிறது. வலதுபக்கக் குழாயில் கொஞ்சம் அடைப்பு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.

தாடையின் இடப்பக்கம் மட்டும் மரத்தே இருக்கிறது. சாப்பிடும்போது அங்கே ஏதாவது ஒட்டினால் அவருக்குத் தெரிவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர் பேசாமல் தன் தாடையைத் தொட்டுக் காட்டுகிறார். அக்கா துடைத்துக்கொள்கிறார்.